பாரா வில்வித்தை: வகைப்பாட்டுக்குப் போகுமுன்

தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கமிருந்து மாற்றுத்திறனாளிகளுக்கான பாரா வில்வித்தைக்குப் போகிறவர்கள் முதலில் தடுமாறும் இடம் வகைப்பாடு, அதாவது யார் எந்தப் பிரிவில் போட்டியிடலாம் என்று குழு சோதித்து முடிவு செய்வது. கையில் யூடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டை, அதில் ஊனம் 60 சதவீதம் என்று இருந்தால் போதும் என்று நம்பி வருகிறார்கள். அந்தச் சதவீதம் அரசு சலுகைக்கானது. வகைப்பாட்டுக் குழு அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒவ்வொரு தசையின் வலுவையும் 0 முதல் 5 வரை மதிப்பிடும்; மூட்டு எவ்வளவு மடங்குகிறது, உடல் சமநிலை எப்படி என்று பார்க்கும். பிறகு வில்லைக் கொடுத்து எய்யச் சொல்லும்.

அதனால் நோயின் பெயரைத் தெளிவாக எழுதிய மருத்துவச் சான்றிதழ் வேண்டும். 'கால் ஊனம்' என்று மட்டும் எழுதிய தாள் பயன்படாது. இளம்பிள்ளை வாதமா, தண்டுவடக் காயமா, காயம் என்றால் தண்டுவடத்தின் எந்த மட்டத்தில் என்று இருக்க வேண்டும். எக்ஸ்ரே, நரம்புப் பரிசோதனை அறிக்கை இரண்டையும் சேர்த்து வையுங்கள். தசையைப் பார்க்க வசதியாக அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன் போட்டுப் போங்கள். வலுவைக் குறைத்துக் காட்ட வேண்டாம். எய்யும்போதும் போட்டியிலும் கவனிப்பார்கள்; வேண்டுமென்றே ஏமாற்றியது தெரிந்தால் தடை வரும்.

கைகளிலும் கால்களிலும் கடுமையான பாதிப்போடு சக்கர நாற்காலியில் எய்பவர்கள் டபிள்யூ1 பிரிவு. 50 மீட்டர் தூரம், வில்லின் இழுவிசை 45 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது. மற்றவர்கள் ஓப்பன் பிரிவு: நின்றோ, ஸ்டூலிலோ, சக்கர நாற்காலியிலோ எய்யலாம். ரிகர்வ் (முனைகள் வெளிப்பக்கம் வளைந்த வில்) 70 மீட்டர், காம்பவுண்ட் (கப்பி பொருத்திய வில்) 50 மீட்டர். பார்வைக் குறைபாட்டுக்குத் தனிப் பிரிவு. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ரிகர்வ் தங்கம் வென்ற ஹர்விந்தர் சிங்குக்குக் கால்களில் பாதிப்பு. அதே பாரிஸில் ராகேஷ் குமாருடன் கலப்பு அணியில் வெண்கலம் வென்ற சீதல் தேவி கைகள் இல்லாமல் காலால் வில்லைப் பிடிப்பவர். இருவருமே ஓப்பன். எந்த உறுப்பு என்று பார்த்துப் பிரிவு பிரிப்பதில்லை என்பதைப் பெற்றோருக்கு இப்படிச் சொன்னால் உடனே புரிகிறது.

போட்டியில் பயன்படுத்தப் போகும் ஸ்டூல், நாற்காலி, உடலைக் கட்டும் பட்டை எல்லாவற்றையும் குழுவிடம் காட்டுங்கள். அனுமதித்தவை உங்கள் வகைப்பாட்டு அட்டையில் பதிவாகும். பதிவாகாததைக் கொண்டுபோனால் களத்தில் எடுக்கச் சொல்வார்கள். நாற்காலியின் முதுகுச்சாய்வு அக்குளுக்கு 110 மில்லிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். வீட்டில் புழங்கும் உயரமான நாற்காலி இதில்தான் மாட்டுகிறது.

பயிற்சிக்கு நம் ஊரில் அறுப்பு முடிந்த வயலே பலருக்குக் களம். களிமண்ணில் முன்சக்கரம் புதைந்தால் உடம்பு முன்னால் சாயும், அம்புகள் மேலும் கீழுமாகச் சிதறும். நாற்காலி முழுதும் நிற்கிற அளவுக்கு ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு, பிரேக்கை இறுக்கிவிட்டு எய்யுங்கள். ஆடிக்காற்று நாளில் வெயில் ஏறுமுன் முடித்துவிடுவது நல்லது. வைக்கோலில் கட்டிய இலக்கு ஐப்பசி மழையில் நனைந்தால் உள்ளே மக்கி, அம்பு ஊடுருவிப் போகும். தார்ப்பாய் போட்டு, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள்.

பலர் மறப்பது மாத்திரை. ரத்த அழுத்தத்துக்குத் தரும் அட்டெனலால், மெட்டோப்ரோலால், நடுக்கத்துக்குத் தரும் ப்ராப்ரனலால் மூன்றும் பீட்டா பிளாக்கர்கள், அதாவது இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்துகள். வில்வித்தையில் இவற்றுக்குப் போட்டி நாளில் மட்டுமல்ல, மற்ற நாளிலும் தடை. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. மருத்துவரிடம் மாற்று மருந்து கேளுங்கள்; மாற்று இல்லையென்றால் மருத்துவ விலக்குக்கு (தடையுள்ள மருந்தைச் சிகிச்சைக்காக எடுக்க அனுமதி) விண்ணப்பித்து, முடிவு கைக்கு வந்தபின் போட்டிக்குப் பெயர் கொடுங்கள்.