34 பேர் இருந்தா போதும்

அமெரிக்க காங்கிரஸ், அதாவது அவங்க நாடாளுமன்றம் பத்தி பேச்சு வந்தா ஒருத்தர் "பிரசிடென்ட் வெச்சதுதான் அங்க சட்டம்"னு சொல்வாரு, இன்னொருத்தர் "செனட்ட மீறி அவரால ஒரு துரும்பக்கூட அசைக்க முடியாது"ம்பாரு. ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதிதான் சரி. எனக்கென்னமோ இந்த விஷயத்துல பாக்க வேண்டியது 34ங்கிற நம்பர மட்டும்தான்னு தோணுது.

சட்டம் எப்படி வருதுன்னு வேகமா சொல்லிடறேன். கீழ்சபைல 435 பேரு, மேல்சபையான செனட்ல 100 பேரு, ஒரு பில்லு ரெண்டு இடத்துலயும் அச்சு அசலா ஒரே மாதிரி பாஸ் ஆகணும். பெரும்பாலானது கமிட்டியோடயே செத்துடும். தப்பிச்சு செனட்டுக்கு வந்தா பேச்ச முடிச்சு ஓட்டுக்கு விடறதுக்கே பொதுவா 60 பேர் தேவை. அதையும் தாண்டி போனா பிரசிடென்ட் வீட்டோ போடலாம், அதாவது கையெழுத்து போடாம திருப்பி அனுப்பிடலாம், அத உடைக்க ரெண்டு சபைலயும் மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். அதாவது 100 பேரும் ஓட்டு போட்டாலும் செனட்ல 34 பேர் பிரசிடென்ட் பக்கம் நின்னுட்டா கதை முடிஞ்சுது.

இது காங்கிரசுக்கு தெரியாம இல்ல. பிரசிடென்ட் நிக்சன் கிட்ட சூடு பட்டவங்க 1970கள்ல வரிசையா கடிவாளம் போட்டாங்க. 1973ல பிரசிடென்ட் காங்கிரச கேக்காம போர நடத்தறத கட்டுப்படுத்த போர் அதிகார தீர்மானம், அது நிக்சன் வீட்டோவையும் மீறி வந்தது. 1974ல காங்கிரஸ் ஒதுக்கின பணத்த பிரசிடென்ட் செலவு பண்ணாம முடக்கி வைக்கறத தடுக்க ஒரு சட்டம். 1976ல தேசிய அவசரநிலை சட்டம். இந்த கடைசி சட்டத்துலதான் சாமர்த்தியமான ஒரு ஏற்பாடு இருந்துச்சு, பிரசிடென்ட் அவசரநிலை அறிவிச்சு சில ஸ்பெஷல் அதிகாரங்கள எடுத்துக்கலாம், ஆனா ரெண்டு சபையும் சாதாரண மெஜாரிட்டில வேணாம்னு தீர்மானம் போட்டா அது காலி, பிரசிடென்ட் கையெழுத்தே தேவையில்ல, அதனால வீட்டோ பேச்சுக்கே இடமில்ல.

இத உடைச்சது எந்த பிரசிடென்ட்டும் இல்ல, ஒரு இமிக்ரேஷன் கேஸ். ஜகதீஷ் ராய் சத்தான்னு ஒருத்தர், கென்யால பிறந்த இந்திய வம்சாவளி, பிரிட்டிஷ் பாஸ்போர்ட், அமெரிக்காவுக்கு படிக்க வந்து விசா முடிஞ்சுபோச்சு. அவர நாடு கடத்த வேணாம்னு குடியேற்ற நீதிபதி முடிவு பண்ணிட்டாரு, ஆனா அப்போ இருந்த சட்டப்படி ஒரு சபை மட்டும் நினைச்சாலே அத ரத்து பண்ணலாம், 1975 டிசம்பர்ல கீழ்சபை அப்படியே பண்ணிடுச்சு. மனுஷன் விடல, கேஸ் போட்டாரு, 1983ல சுப்ரீம் கோர்ட் 7க்கு 2ன்னு அவர் பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு. சட்டத்தோட பலன் உள்ள எதுவா இருந்தாலும் ரெண்டு சபையும் பாஸ் பண்ணி பிரசிடென்ட் கிட்ட போயே ஆகணுமாம். சத்தாவுக்கு நியாயம் கிடைச்சது சந்தோஷம்தான். ஆனா அந்த ஒரு தீர்ப்புல இதே மாதிரி ஏற்பாடு இருந்த கிட்டத்தட்ட 200 சட்டம் ஆட்டம் கண்டுச்சுன்னு மாறுபட்ட தீர்ப்பு எழுதின நீதிபதி வைட்டே புலம்பியிருக்காரு. 1985ல அவசரநிலை சட்டத்தையும் திருத்தி, ரத்து தீர்மானத்துக்கும் பிரசிடென்ட் கையெழுத்து வேணும்னு ஆக்கிட்டாங்க. யோசிச்சு பாருங்க, எந்த ஆள தடுக்கணுமோ அவர்கிட்டயே போயி "சார் உங்கள தடுக்கறோம், ஒரு கையெழுத்து போடுங்க"ன்னு நிக்கணும்.

இதோட விளைவு பளிச்சுனு தெரிஞ்சது 2019ல. டிரம்ப் எல்லை சுவருக்கு 570 கோடி டாலர் கேட்டாரு, காங்கிரஸ் மசியல, 35 நாள் அரசாங்கத்துல ஒரு பகுதி மூடிக் கெடந்துச்சு, கடைசில கொடுத்தது 137.5 கோடி. அவரு கையெழுத்த போட்டுட்டு அதே நாள், பிப்ரவரி 15, அவசரநிலைய அறிவிச்சு ராணுவ கட்டுமான நிதிலேர்ந்து பணத்த திருப்ப வழி பண்ணிட்டாரு. செலவு பண்ற அதிகாரம்தான் காங்கிரசோட உயிர்நாடி, அதுலயே கை வெச்சாச்சு. கீழ்சபை 245-182ன்னு ரத்து பண்ணுச்சு, செனட்ல டிரம்ப் கட்சிக்காரங்களே 12 பேர் சேர்ந்து 59-41. (இந்த மாதிரி தீர்மானத்துக்கு 60 ஓட்டு தடை கிடையாது.) மறுநாளே வீட்டோ. கீழ்சபைல திரும்ப ஓட்டெடுத்தா 248-181, மூணுல ரெண்டு பங்குக்கு பக்கத்துலகூட வரல. ரெண்டு சபையும் வேணாம்னு சொல்லியாச்சு, அவசரநிலை அப்படியே நின்னுச்சு.

இதுல தாம் டில்லிஸ்னு டிரம்ப்போட ரிபப்ளிகன் கட்சி செனட்டர் ஒருத்தர், அவசரநிலைய எதிர்த்து ஓட்டு போடுவேன்னு பேப்பர்ல கட்டுரையே எழுதினாரு, ஓட்டு நாள் அன்னிக்கு மாறிட்டாரு. அடுத்த வருஷம் அவருக்கு தேர்தல், சொந்த கட்சிக்குள்ளயே போட்டி வந்துடும்ங்கிற பயம். அமெரிக்க அரசியல் சட்டத்த உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான மேடிசன் காலத்துல போட்ட கணக்கு என்னன்னா, காங்கிரஸ்காரன் தன் பதவியோட அதிகாரத்த காப்பாத்திக்கவே பிரசிடென்ட்ட மல்லுக்கு இழுப்பான்னு. இப்போ அவனுக்கு சபைய விட கட்சி பெருசு.

எல்லாமே ஒரு பக்கம்னு சொல்லிட முடியாது. 2016ல செப்டம்பர் 11 குடும்பங்க சவுதி மேல கேஸ் போட விடற சட்டத்த ஒபாமா வீட்டோ பண்ணப்போ, அவரோட கட்சியும் சேர்ந்து செனட்ல 97-1ன்னு தூக்கி எறிஞ்சுது. 2023ல கோவிட் அவசரநிலைய முடிக்கற தீர்மானம் வந்தப்போ பைடன் பிடிக்காமலே கையெழுத்து போட்டாரு, அது எப்படியும் ஒரு மாசத்துல முடியப்போற விஷயம். அரசியல் செலவு இல்லாத இடத்துல கடிவாளம் நல்லாவே வேலை செய்யுது.

இன்னும் கூத்து 2025 மார்ச். டிரம்ப் அவசரநிலைய காரணம் காட்டி கனடா, மெக்சிகோ மேல வரி போட்டிருந்தாரு. ரத்து தீர்மானம் வந்தா கமிட்டி 15 காலண்டர் நாளுக்குள்ள அத வெளிய விடணும்னு சட்டத்துல இருக்கு. கீழ்சபைல மெஜாரிட்டி வெச்சிருந்த ரிபப்ளிகன்கள் என்ன பண்ணாங்க தெரியுமா, அந்த கூட்டத்தொடர் முடியற வரைக்கும் வர்ற எந்த நாளும் இந்த கணக்குக்கு காலண்டர் நாள் இல்லன்னு விதி பாஸ் பண்ணிட்டாங்க. சூரியன் உதிக்கும், மறையும், ஆனா நாள் ஓடாது. ஓட்டு போட்டு பிரசிடென்ட்ட காப்பாத்தினா பேரு கெட்டுடும், ஓட்டே வராம பாத்துக்கிட்டா யாருக்கும் தெரியாது.

சரி பண்ண வழி இல்லாம இல்ல. 2019லயே யூட்டா செனட்டர் மைக் லீ, ரிபப்ளிகன்தான், ஒரு பில் கொண்டு வந்தாரு, அவசரநிலை அறிவிச்சா 30 நாள்ல தானா காலாவதி, நீடிக்கணும்னா காங்கிரஸ் ஓட்டு போட்டு ஒத்துக்கணும். கணக்க அப்படியே தலைகீழா திருப்பிடற பில்லு. கமிட்டில ரெண்டு கட்சிக்காரங்களும் ஆதரிச்சு பாஸ் பண்ணாங்க, செனட்ல ஓட்டுக்கே எடுக்கல. எடுத்து பாஸ் ஆகியிருந்தாலும் அதுக்கும் கடைசில பிரசிடென்ட் கையெழுத்துதான் வேணும்.