புளியங்கொட்டையும் ஆறாம் வாய்ப்பாடும்

மார்கழி விடியலில் நான் வாசலில் கோலம் போடும்போது, மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் போர்வையோடு வந்து படியில் உட்கார்ந்துகொள்வாள். புள்ளிகளை வைத்தே அவளோடு கணக்குப் பார்க்கலாமே என்று இந்த வருஷம் ஆரம்பித்தேன்.

முதல் நாள் சரிப்படவில்லை. 7-4 இடுக்குப் புள்ளி, அதாவது ஒரு வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் அடுத்த வரிசைப் புள்ளி வருகிற மாதிரி வைத்தேன்: நடுவரிசையில் 7, இருபுறமும் 6, 5, 4. “மொத்தம் எத்தனை, சொல்லு” என்றதும் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் கேட்ட விதம் தப்பு. பரீட்சை மாதிரி இருந்தது.

அப்புறம் கோலமாவை விட்டுப் புளியங்கொட்டைக்கு மாறினேன். கூடத்துத் தரையில் அவளே அடுக்கலாம், கோணினால் நகர்த்திக்கொள்ளலாம். நடுவில் ஒன்று, சுற்றி 6 வைத்தால் 3-2 கோலம். “அடுத்த சுற்றுக்கு எத்தனை கொட்டை வேணும்மா?” என்று மட்டும் கேட்டேன். கை நிறைய அள்ளி வந்து அடுக்கிவிட்டு, மீதியை டப்பாவில் போட்டாள். 12 பிடித்தது. அதற்கடுத்த சுற்றுக்கு 18. மூன்றாம் நாள், நான் கேட்காமலே, சரியாக 24 எண்ணி எடுத்து வந்தாள். ஒப்பிக்கச் சொன்னால் திக்குகிற ஆறாம் வாய்ப்பாடு அது! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

7-4க்கு மொத்தம் 36 என்று எழுதினாள். நான் திருத்தவில்லை. எண்ணிப் பார்த்தால் 37. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “நடுவுல இருக்கறதை விட்டுட்டேம்மா” என்றாள். 9-5க்கு அடுக்கும் முன்பே 61 என்றாள். எண்ணினோம், 61தான்.

போன வாரம் நேர்ப் புள்ளி, அதாவது புள்ளிக்கு நேராகப் புள்ளி, 7-1. நடுவில் 7, இருபுறமும் 5, 3, 1, மொத்தம் 25. அழகுக்காக ஒன்று விட்டு ஒன்று சோழி வைத்தாள், நட்டநடுவிலும் சோழிதான். தலையைச் சாய்த்துப் பார்த்தவள் கத்தினாள்: கொட்டைகள் நாலு வரிசையில் நந்நான்காக 16, சோழிகள் மூன்று வரிசையில் மும்மூன்றாக 9. இரண்டு சதுரங்கள் ஒன்றுக்குள் ஒன்று! இத்தனை வருஷம் இந்தக் கோலத்தைப் போட்டிருக்கிறேன், எனக்கு இது தெரிந்ததே இல்லை. உடனே 5-1ஐயும் அடுக்கினோம். அதில் 9, 4.

பொங்கலுக்கு 15-8 இடுக்குப் புள்ளி போடப் போகிறோம். “169” என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். போகி ராத்திரி புள்ளி வைக்கும்போது எண்ண வேண்டும்.