துல்லியம் 90 விழுக்காடு என்று எழுதுவதற்கு முன்

புதுச்சேரியிலும் கடலூரிலும் உள்ள மருத்துவத் தொழில்நுட்ப நிறுவனங்களுக்குச் செய்திக்குறிப்பு எழுதிக் கொடுப்பது என் தொழில். 'எங்கள் கருவி 90 விழுக்காடு துல்லியமானது' என்ற வரியைத் தனியாக வெளியிடவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதற்கான காரணத்தைக் கணக்கோடு சொன்னால்தான் புரியும்.

சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் புகைப்படத்தின் மூலம் கண்டறியும் மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முகாமுக்கு வரும் 1000 பேரில் 50 பேருக்குப் பாதிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாதிப்புள்ளவர்களில் நூற்றுக்கு 90 பேரையும் பாதிப்பில்லாதவர்களில் நூற்றுக்கு 90 பேரையும் அந்த மென்பொருள் சரியாக இனங்காணும் என்றால், 45 பேரின் நோய் தெரிய வரும். 5 பேர் 'ஒன்றும் இல்லை' என்ற பதிலை நம்பி வீடு திரும்புவார்கள். நோயே இல்லாத 95 பேர் நோய் இருப்பதாக அஞ்சி மேல்பரிசோதனைக்குப் போவார்கள். அப்படி அனுப்பப்படும் 140 பேரில் உண்மையான பாதிப்பு உள்ளவர்கள் மூன்றில் ஒரு பங்கினர் கூட இல்லை. இதே முகாமில், வந்தவர்கள் எல்லோருக்கும் 'நோய் இல்லை' என்றே சொல்லி அனுப்புகிற, எந்த வேலையும் செய்யாத ஒரு கருவியின் துல்லியம் 95 விழுக்காடு! அதனால்தான் அந்த ஒற்றை எண்ணை நான் நம்புவதில்லை.

அந்த 95 பேரில் ஒருவர் பண்ருட்டிப் பக்கத்து விவசாயக் கூலியாக இருக்கலாம். அவர் ஒரு நாள் கூலியை இழந்து, துணைக்கு மகனையும் அழைத்துக்கொண்டு பேருந்தேறி, புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையின் வெளிநோயாளிகள் வரிசையில் வந்து நிற்பார். விடுபட்ட 5 பேரின் இழப்போ பார்வை.

ஆய்வுக்கூடத்து எண்ணுக்கும் களத்து எண்ணுக்கும் உள்ள தூரத்தையும் நாம் சொல்லியாக வேண்டும். கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளியிட்ட விழித்திரை ஆய்வுக்குப் படங்கள் கொடுத்தவற்றில் அரவிந்த் கண் மருத்துவமனையும் ஒன்று. புதுச்சேரியின் தவளக்குப்பத்தில் அதன் கிளை இருப்பதால் இந்த ஊருக்கு அது அந்நியமான செய்தி அன்று. அந்த ஆய்வின் முடிவுகள் மிகச் சிறப்பாக இருந்தன. ஆனால் அதே தொழில்நுட்பத்தைத் தாய்லாந்தின் மருத்துவமனைகளில் பயன்படுத்தியபோது, தொடக்க மாதங்களில் எடுத்த 1838 படங்களில் ஏறத்தாழ 21 விழுக்காட்டைத் தரம் போதாது என்று மென்பொருள் ஏற்க மறுத்தது. அறையின் வெளிச்சம் முக்கியக் காரணங்களுள் ஒன்று. இதைக் கூகுள் ஆய்வாளர்களே 2020இல் வெளிப்படையாக எழுதினார்கள். அதனால் அவர்கள் மீதான மதிப்பு எனக்குக் கூடியதே தவிரக் குறையவில்லை. குறையை முதலில் தானே சொல்லும் நிறுவனத்தின் அடுத்த செய்தியை நிருபர்கள் நம்பிப் போடுகிறார்கள் என்பதை இந்தத் தொழிலில் நானும் பார்த்திருக்கிறேன்.

சட்டமும் இருக்கிறது. நோய்களைத் தீர்ப்பதாகக் கூறும் விளம்பரங்களுக்கு எதிரான 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் சர்க்கரை நோயும் கண்புரையும் உள்ளன. 2020 ஏப்ரல் முதல் மென்பொருள் உட்பட எல்லா மருத்துவச் சாதனங்களும் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிட்டன. இருந்தாலும், சட்டத்துக்கு அஞ்சி எழுதும் குறிப்பில் உண்மை கடைசிப் பத்தியில் சிறிய எழுத்தில்தான் இடம்பெறும்.

கடைசிப் பத்தி நாளிதழில் வருவதே இல்லை. இடம் போதாதபோது உதவி ஆசிரியர் கீழிருந்துதான் வெட்டுவார். அது அவருடைய வேலை, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆகவே எத்தனை பேரிடம் சோதித்தார்கள், எங்கே சோதித்தார்கள், நூற்றுக்கு எத்தனை நோயாளிகளைக் கருவி தவறவிட்டது என்ற மூன்றையும் முதல் பத்தியிலேயே வைக்கிறேன். நிறுவனத்தார் முதலில் தயங்குவார்கள். முதலீட்டாளர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்பார்கள். மேலே உள்ள 1000 பேர் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு நான் எழுதுவதில்லை. 'நோய் இல்லை என்று கருவி சொன்னாலும், சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்' என்ற வரியையும் நிறுவனத்தின் பெயர் வரும் அதே பத்தியில் சேர்த்துவிடுகிறேன். ஒன்றை வெட்டினால் மற்றொன்றும் போய்விடும் என்பதால் அது இதுவரை அச்சில் தங்கி வருகிறது.