போட்டோ போடுவோம், கடை இருக்கணும்லா

பெப்சி விற்காதீர்கள் என்று சொன்னதில் எங்கப்பாவுக்கு வருத்தமே இல்லை. 2017 அது, மெரினா போராட்டம் முடிந்த சூடு ஆறவில்லை. மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்திருந்தன. தாமிரபரணித் தண்ணீர் கங்கைகொண்டான் ஆலைகளுக்குப் போகிறதே என்ற ஆத்திரம் பாளையங்கோட்டையில் எல்லா வீட்டிலும் இருந்தது, எங்கள் வீட்டிலும்தான். (மறுநாளே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தத் தண்ணீருக்கு இருந்த இடைக்காலத் தடையை நீக்கியது. அன்று கடைவீதியில் வேறு பேச்சே இல்லை.) அப்பா கம்பெனிக்காரன் கொடுத்த ஃபிரிட்ஜிலேயே பொவண்டோவையும் பன்னீர் சோடாவையும் அடுக்கிவிட்டார்.

ஆனால் பழைய சரக்கு கொஞ்சம் மூலையில் கிடந்தது. இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒருவன், "அண்ணாச்சி, இதை வித்தீங்கன்னா போட்டோ எடுத்து குரூப்ல போட்டுருவோம்" என்றான். மற்றவன் சிரித்துக்கொண்டே, "கடை முழுசா இருக்கணும்லா" என்றான்.

பின்னாளில் சட்டம் படிக்கும்போது இந்த இரண்டு வாக்கியங்களும் எனக்கு ஒரு அமெரிக்க வழக்கில் கிடைத்தன.

மிசிசிப்பி மாநிலத்தில் போர்ட் கிப்சன் என்ற சிற்றூர். 1966இல் அங்கிருந்த கறுப்பின மக்கள் வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்தார்கள். கறுப்பினத்தவருக்குப் போலீஸ் வேலை, கடைகளில் வேலை என்று கோரிக்கைகள் பல; வயது வந்த ஆளைப் "பையா" என்று கூப்பிடுவதை நிறுத்த வேண்டும் என்பதும் அதில் ஒன்று. கடை வாசலில் ஆட்கள் நின்று யார் உள்ளே போகிறார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். அந்தப் பெயர்களைக் கூட்டத்தில் வாசித்தார்கள், ஒரு துண்டுத் தாளில் அச்சிட்டும் கொடுத்தார்கள். ஒரு வீட்டின் மேல் துப்பாக்கி சுட்டார்கள், ஒரு காரின் கண்ணாடியில் செங்கல் விழுந்தது. போலீஸ் ஒரு கறுப்பின இளைஞரைச் சுட்டுக் கொன்ற 1969இல், தலைவர் சார்லஸ் எவர்ஸ், அந்தக் கடைகளுக்குள் போகிறவர்களின் கழுத்தை முறிப்போம் என்று மேடையிலேயே பேசினார்.

வியாபாரிகள் வழக்குப் போட்டார்கள். கீழ்க்கோர்ட் 12.5 லட்சம் டாலருக்கும் மேல் நஷ்டஈடு விதித்தது. 1982இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வாங்காதே என்று சொல்வது பேச்சு. பெயரை வாசித்துக் கூசச் செய்வதும் பேச்சுதான். செங்கல் எறிந்தவன் செங்கலுக்குப் பொறுப்பு, மொத்தப் புறக்கணிப்பும் அல்ல. எவர்ஸ் பேச்சைத் தொடர்ந்து உடனே வன்முறை நடக்கவில்லை என்பதால் அதையும் விட்டுவிட்டது.

எட்டு நீதிபதிகள், ஒருவர்கூட மறுக்கவில்லை. அப்பாவிடம் சொன்னேன். "எட்டுப் பேர்ல ஒருத்தரும் கல்லாவுல உக்காந்ததில்ல போல" என்றார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கல்லாவில் இருப்பவருக்கு வெட்கமும் பயமும் ஒரே வாசல் வழியாகத்தான் வருகின்றன. சிரிப்பு எது, மிரட்டல் எது என்று பிரித்துப் பார்க்க அவருக்கு அவகாசம் கிடையாது. ஆனாலும் நான் கோர்ட் பக்கம்தான். கடைக்காரர் பயந்தார் என்பதையே அளவாக வைத்தால் போர்ட் கிப்சன் மக்கள் அந்த நஷ்டஈட்டிலேயே முடிந்திருப்பார்கள். நம் பக்கத்திலும், வ.உ.சி.க்கு எதிராகப் பேசிய ஒரு வக்கீலைப் பாதிச் சவரத்தில் விட்டுவிட்டு எழுந்துபோன தூத்துக்குடிச் சவரத் தொழிலாளியின் கதையைப் பெருமையாகச் சொல்வார்கள். அவர் தன் கையை மட்டும்தான் எடுத்துக்கொண்டார். அடுத்தவர் கையைப் பிடிக்கவில்லை. பெப்சியை எடுத்து வைத்தபோது அப்பா செய்ததும் அதுதான்.

எனக்கு இன்னும் பிடிபடாதது முதல் பையன் சொன்னதுதான். போர்ட் கிப்சனில் பெயரை வாசித்தது ஊருக்குள்ளேயே. பெயர் வந்தவர் மறுநாள் வாசித்தவரையே தெருவில் நிறுத்தி, "நான் மருந்து வாங்கப் போனேன்யா" என்று சொல்லலாம். இப்போது கடையின் படத்தோடு போர்டில் உள்ள போன் நம்பரும் சேர்ந்து போகிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டுத் திட்டுகிறவன் எந்த ஊரென்றே தெரியாது. அவன் செய்ததற்குப் படம் போட்டவனைப் பொறுப்பாக்கினால் போர்ட் கிப்சன் தீர்ப்பே கவிழ்ந்துவிடும். பொறுப்பாக்காவிட்டால் அந்த போனை எடுக்கப்போவது கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள்.