அறுபதைத் தொட்டால் நடுங்கிய ஜிப்ஸி

என்னிடம் இருப்பது 2003 மாடல் மாருதி ஜிப்ஸி, நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்க முடிந்த ஜீப். எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின், துணிக்கூரை, முன் சக்கரம் இரண்டிலும் கையால் திருப்பும் ஹப் (லாக்கில் வைத்தால் சக்கரம் முன் ஆக்சிலோடு சேரும், ஃப்ரீ-யில் வைத்தால் தனியாக உருளும்). மலையில் ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒருவரிடம் வாங்கினேன். அவர் நீளமான சேக்கிள் (பட்டை ஸ்பிரிங்கைச் சேஸிஸோடு இணைக்கும் தகடு) மாட்டி வண்டியைக் கொஞ்சம் உயரம் ஏற்றியிருந்தார். பார்க்கக் கம்பீரமாக இருந்தது, அதைப் பற்றி மேலே எதுவும் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

போன மழைக்காலம் முடிந்ததும் சத்தங்கள் ஆரம்பித்தன. சந்துக்குள் மெதுவாகப் போனால் எலிக்குஞ்சு மாதிரி கிச் கிச். எந்த வேகத்திலும் அடியில் ஒரு ஊ என்ற இரைச்சல். 55-ஐத் தாண்டினால் தரைத்தகடு உர்ர்ரென்று அதிரும், 60-ல் உச்சம், 70-ல் கொஞ்சம் அடங்கும். ஆக்சிலேட்டரில் காலை வைத்து எடுக்கும்போதெல்லாம் இருக்கைக்கு அடியில் ஒரு டொக். இது போதாதென்று எப்போதாவது பள்ளத்தில் ஒரு சக்கரம் விழுந்தால் ஸ்டீயரிங் இடமும் வலமும் படபடவென அடித்துக்கொள்ளும், பிரேக் பிடித்து 30-க்குக் கொண்டுவந்தால்தான் நிற்கும். என் மனைவி இரண்டு தடவை இதைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

இது எல்லாமே ஒரே நோயின் அறிகுறி என்று நினைத்ததுதான் என் முதல் தப்பு. ஒரு பட்டறையில் சத்தத்தைச் சொன்னதும் "வீல் பேரிங்" என்றார்கள், பின்னால் இரண்டும் மாற்றினார்கள், 6,000 ரூபாய்க்கு மேல் ஆனது, ஒரு மாற்றமும் இல்லை. இன்னொரு இடத்தில் வீல் பேலன்சிங், அலைன்மென்ட், ஸ்டீயரிங் உதறலை அடக்கும் புது டேம்பர். படபடப்பு இரண்டு வாரம் நின்றது, அப்புறம் முன்பைவிட ஜோராக வந்தது. மூன்றாவது இடத்தில் பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பின் புரபெல்லர் ஷாஃப்டில், இரு முனையிலும் உள்ள கிராஸ் என்ற சிலுவை மூட்டு இரண்டையும் மாற்றினார்கள். கிச் கிச் போய்விட்டது, அதில் அவர்கள் சொன்னது சரி. ஆனால் 60-ல் வரும் நடுக்கம் இரண்டு மடங்காகிவிட்டது. புதுப் பொருள் போட்ட பிறகு வண்டி ஏன் மோசமாக வேண்டும்? அவர்களிடம் கேட்டால், பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்.

அதன் பிறகுதான் போடிப் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு தினமும் போடிமெட்டு ஏறும் ஜீப்புகளைப் பார்த்தே வளர்ந்தவர், வயது அறுபதுக்கு மேல் இருக்கும். நான் வண்டிக்கு அடியில் கையைக் காட்டி, "இங்கதான் அண்ணே சத்தம் வருது" என்று ஆரம்பித்தேன்.

"எங்க வருதுன்னு சொல்லாதீங்க தம்பி, அது நான் பாத்துக்கிறேன். எப்ப வருதுன்னு சொல்லுங்க."

என்னால் சொல்ல முடியவில்லை. கியர் எது, கிளட்ச் மிதித்தால் போகிறதா, காலை எடுத்தால் மாறுகிறதா, ஹப் எந்த நிலையில் இருந்தது, ஒன்றுக்கும் பதில் இல்லை. அவர் வண்டியைத் தொடவே இல்லை. ஒரு வாரம் ஓட்டி எழுதிக்கொண்டு வாங்க என்று அனுப்பிவிட்டார். எனக்குக் கொஞ்சம் கடுப்புதான்.

முதல் வேலையாக வண்டியைக் காலி செய்தேன். ஜாக்கி, அதன் கம்பி, இழுவைக் கயிறு, பின் சீட்டுக்கு அடியில் யாரோ விட்டுப்போன ஸ்பேனர் எல்லாம் வீட்டில் இறக்கினேன். அதிலேயே ஒரு கடகடப்பு போனது. அப்புறம் காலையில் கூட்டமில்லாத நேரத்தில் தேனி - போடி ரோட்டில் சமதளமாக இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பையன் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதினான். 60-ல் நாலாவது கியர்: நடுக்கம் உண்டு. அதே 60-ல் மூன்றாவது கியர்: இன்ஜின் கத்துகிறது, ஆனால் நடுக்கம் அதே அளவு. அப்படியென்றால் இது இன்ஜின் சுற்றைப் பொறுத்தது இல்லை, வண்டியின் வேகத்தைப் பொறுத்தது. 65-ல் கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளி உருள விட்டேன் (இன்ஜினை அணைக்காமல், அணைத்தால் பிரேக் பூஸ்டரும் சேர்ந்து போய்விடும்). இன்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது, நடுக்கம் 60-ல் வந்து 55-ல் போகிறது. ஆக இன்ஜின், கிளட்ச் இரண்டையும் பட்டியலிலிருந்து அடித்தேன்.

மூன்றாம் நாள் ஹப்பைப் பார்க்கக் குனிந்தபோது மானம் போனது. வலது ஹப் ஃப்ரீ-யில் இருந்தது, இடது ஹப் லாக்கில் இருந்தது. மேகமலைக்குப் போய்விட்டு வந்து ஒன்றை மட்டும் திருப்பிவிட்டு மற்றதை மறந்திருக்கிறேன், அதுவும் மூன்று மாதத்துக்கு முன்னால். இடது சக்கரம் தன் ஆக்சிலைச் சுற்றிக்கொண்டு, உள்ளே டிஃபரன்ஷியல் பல்சக்கரங்களையும் சுற்ற வைத்துக்கொண்டே வந்திருக்கிறது. அதை ஃப்ரீ-க்குத் திருப்பியதும் அந்த ஊ என்ற இரைச்சல் முக்கால்வாசி காணாமல் போய்விட்டது. நான் பேரிங் மாற்றிய செலவை அன்றைக்கு இரண்டாவது தடவை நினைத்துக்கொண்டேன்.

நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. ஜிப்ஸியில் ஒரு வசதி இருக்கிறது என்றார். பல ஜீப்புகளில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) கியர்பாக்ஸோடு ஒட்டியே இருக்கும். இதில் அது தனியாகச் சேஸிஸில் தொங்குகிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட் ஓடுகிறது. ஆக மொத்தம் மூன்று ஷாஃப்ட், மூன்று சந்தேகம். டிரான்ஸ்ஃபர் லீவரை நியூட்ரலில் வைத்தால் குட்டி ஷாஃப்ட் சுற்றும், முன், பின் ஷாஃப்டுகள் சுற்றாது. சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, லீவரை நியூட்ரலில் போட்டு, கியர்பாக்ஸை நாலாவது கியரில் வைத்து ஆக்சிலேட்டரை மெல்ல மெல்ல ஏற்றினார். வண்டி நின்ற இடத்தில் நிற்கிறது, இன்ஜின் இரைகிறது, ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்திலேயே கிடக்கிறது, ஏனென்றால் அதன் கேபிள் டிரான்ஸ்ஃபரின் வெளிப்பக்கத்திலிருந்து வருகிறது. 60-ல் போனால் இன்ஜின் எவ்வளவு இரையுமோ அதைத் தாண்டியும் ஏற்றினார். தரைத்தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அதிர்வே இல்லை. குட்டி ஷாஃப்ட் தப்பித்தது. ஹப் இரண்டும் ஃப்ரீ-யில் இருந்தபோதும் நடுக்கம் வந்ததால் முன் ஷாஃப்டும் தப்பித்தது. மிச்சம் பின் ஷாஃப்ட், பின் ஆக்சில், சக்கரங்கள்.

இங்கே நானும் என் பங்குக்கு ஒன்று செய்தேன். சத்தத்தின் அதிர்வெண்ணைக் காட்டும் இலவச ஆப் ஒன்று போனில் இருந்தது. கணக்கு சுலபம். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர், என் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் உருளும், அப்படியானால் சக்கரம் வினாடிக்குச் சுமார் 8 சுற்று. ஆக்சிலில் பல் விகிதம் ஏறக்குறைய நாலுக்கு ஒன்று, எனவே ஷாஃப்ட் வினாடிக்கு 32 சுற்று. டயரோ ரிம்மோ காரணம் என்றால் 8 பக்கம் எகிற வேண்டும், ஷாஃப்டில் எடை ஒருபக்கம் சாய்ந்திருந்தால் 32-ல், கிராஸ் சமாச்சாரம் என்றால் அதைப்போல் இரண்டு மடங்கில். போனைத் தரையில் வைத்து ஓட்டினேன். ஆப்பில் வினாடிக்கு 63, 64 என்ற இடத்தில், அதாவது 32-ன் இரண்டு மடங்கில், ஒரு கோடு தென்னை மரம் மாதிரி நின்றது. அண்ணனிடம் காட்டினேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி" என்று சொல்லிவிட்டு நேராகப் பின் ஷாஃப்டுக்கு அடியில்தான் படுத்தார்.

மண்ணெண்ணெயும் கம்பி பிரஷ்ஷும் கேட்டார். ஷாஃப்டின் நடுவில் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும் பல் பகுதி இருக்கிறதல்லவா, அதில் ஒட்டியிருந்த சேறும் கிரீஸும் அரை அங்குலம் கனம். சுரண்டியதும் குழாய்ப் பக்கம் ஒரு சின்ன அம்புக்குறி தெரிந்தது. எதிர்ப்பக்கத்தில் அதன் ஜோடியைக் காணோம். டார்ச் அடித்துக்கொண்டே விரலால் தடவிப் போனார், இரண்டு பல் தள்ளி அகப்பட்டது. கிராஸ் மாற்றும்போது ஷாஃப்டை இரண்டாகக் கழற்றியவர்கள், திரும்பச் சேர்க்கும்போது குறியைப் பார்க்காமல் சொருகியிருக்கிறார்கள்.

இரண்டு பல்லில் என்ன ஆகிவிடப் போகிறது என்றுதான் எனக்கும் தோன்றியது. கிராஸ் ஜாயிண்ட் சாய்வாக வேலை செய்யும்போது ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் சீராகச் சுற்றாது, ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை வேகம் கூடி இரண்டு தடவை குறையும். அந்தக் கோணலை அடுத்த முனையில் இருக்கும் கிராஸ் திருப்பிச் சரிசெய்துவிடும், ஆனால் ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள கவட்டைகள் ஒரே நேர்க்கோட்டில் இருந்தால்தான். அவை விலகியிருந்தால் சரியாகத் தீராமல் மிச்சம் தங்கிவிடும். என் வண்டியில் உயரம் ஏற்றியதால் ஷாஃப்டின் சாய்வு ஏற்கெனவே கூடுதல், அதனால்தான் பழைய கிராஸ் இருந்த காலத்திலேயே லேசாக நடுங்கியிருக்கிறது, பல் மாறிய பிறகு பேயாட்டம் ஆடியிருக்கிறது. பின் ஃபிளாஞ்சில் நாலு போல்ட்டைக் கழற்றி, உருவி, குறிக்குக் குறி வைத்துச் சொருகி, கிரீஸ் அடித்து மாட்ட முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஓட்டிப் பார்த்தேன். 60-ல் லேசாக ஒரு சிலிர்ப்பு, அவ்வளவுதான். அதுவும் சேக்கிளைப் பழைய அளவுக்கு மாற்றிய பிறகு போய்விட்டது.

டொக் சத்தத்துக்கு அதிக நேரம் ஆகவில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்குவது மூன்று ரப்பர் மவுண்ட். கடப்பாரையை நுழைத்து நெம்பினால் ஒன்று வாயைப் பிளந்தது, எண்ணெய்க் கசிவில் ஊறி ரப்பர் அல்வாவாகிவிட்டது. மூன்றையும் மாற்றினோம், கசிந்த ஆயில் சீலையும் சேர்த்துத்தான், இல்லாவிட்டால் புது ரப்பருக்கும் அதே கதிதான்.

படபடப்புதான் எனக்கு நிஜமாகவே பயம் கொடுத்தது, அதற்குப் போட்ட டேம்பர் வெறும் மூடிமறைப்பு என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. முன் சக்கரத்தைத் தூக்கி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டச் சொன்னார். லேசாக டக் டக்கென்று ஆடியது. "பேரிங்கா அண்ணே?" என்றேன். "பொறுங்க, பையன பிரேக்க மிதிக்கச் சொல்லுங்க." மிதித்த பிறகும் ஆடியது. பிரேக் பிடித்தால் சக்கரமும் அதைத் தாங்கி ஸ்டீயரிங்கோடு திரும்பும் நக்கிளும் ஒன்றாக இறுகிவிடும், வீல் பேரிங் தேய்மானம் என்றால் ஆட்டம் நின்றுவிட வேண்டும், நிற்கவில்லை என்றால் கிங்பின், அதாவது நக்கிள் திரும்பும் அச்சு. பிரித்தார். உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் டீ நிறத்தில் குழம்பு, மழைக்காலத்தில் ஓடை ஓடையாக இறக்கியதில் கிழிந்த சீல் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. பேரிங் கிண்ணத்தைத் துடைத்துக் கையில் கொடுத்தார். வெயிலில் திருப்பிப் பார்த்தால் நகத்தால் கீறியதுபோல் வரிசையாகப் பள்ளங்கள், நகத்தை ஓட்டினால் ஒவ்வொன்றிலும் தட்டியது. ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது உருளைகள் உட்காரும் இடம் அது.

இரண்டு பக்கமும் சேர்த்து நாலு பேரிங், சீல்கள் எல்லாம் புதிது. அந்த வேலையில் நேரம் தின்றது ஷிம்தான். கிங்பின்னுக்கு அடியில் வைக்கும் அந்த மெல்லிய தகட்டில் ஒன்றை எடுத்தால் பேரிங் இறுகும், ஒன்றைச் சேர்த்தால் தளரும். சீலை மாட்டுவதற்கு முன்னால், டை ராடு மாட்டும் ஓட்டையில் ஒரு ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுத்து, நக்கிள் அசையும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். மாட்டி, இழுத்து, கழற்றி, ஒரு தகட்டை எடுத்து, மறுபடி மாட்டி, இடது பக்கத்துக்கு மட்டும் ஐந்து தடவை. நான் பொறுமையிழந்து இது போதாதா என்று கேட்டதற்கு அவர் பதிலே சொல்லவில்லை.

அதன் பிறகு போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் மூன்று தடவை ஏறி இறங்கிவிட்டேன். வேண்டுமென்றே பள்ளத்தில் சக்கரத்தை இறக்கிப் பார்த்தேன், ஸ்டீயரிங் ஒரு குலுக்கலோடு நின்றுவிடுகிறது. மனைவியும் முன் சீட்டுக்குத் திரும்பிவிட்டாள், கைப்பிடியை மட்டும் இன்னும் விடுவதில்லை. 80-க்கு மேல் ஒரு முனகல் பாக்கி இருக்கிறது. தார் ரோட்டில் வருகிறது, மண் ரோட்டில் கேட்பதில்லை, கியரை மாற்றினாலும் மாறவில்லை, நோட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். மண் ரோட்டுக்கென்று பெரிய பெரிய கட்டையாக வெட்டிய டயராகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. நண்பனிடம் சாதாரண ரோடு டயர் மாட்டிய நாலு சக்கரம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கடன் வாங்கி மாட்டிப் பார்க்கப்போகிறேன்.