பெட்டி கட்டுமுன் அம்மாவின் போனைப் பாருங்கள்

எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் வீட்டில் முதலில் பேசப்படுவது பெட்டியின் கிலோதான். வறுத்த தூள் எவ்வளவு, முந்திரிக்கொட்டை எவ்வளவு, கருவாட்டை எதில் சுற்றினால் மணக்காது. போனைப் பற்றிப் பேச்சு வந்தால், "அங்க போய் ஒரு சிம் எடுத்தாச் சரிதானே" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த ஒரு வரி போதாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தொடர்பு என்றால் அதற்கு இரண்டு முனை உண்டு. போகிறவரின் முனையை எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம், அவருக்குப் பக்கத்தில் கடையும் கையில் காசும் இருக்கும். வீட்டில் இருக்கிறவரின் முனையைப் போகுமுன்னே சரிசெய்து வைக்காவிட்டால் பிறகு அங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது.

நான் மட்டக்களப்பு கல்லடியில் அம்மாவோடு இருக்கிறேன். கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்கிறேன். அக்கா சுவிஸில், சூரிச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். அவளுக்கு இரண்டாவது பிள்ளை கிடைத்த சமயம், 2024 கார்த்திகையில், உதவிக்கு என்று போனேன். மாத முடிவுக் கணக்கை மட்டும் எப்படியும் முடித்துத் தருவதாக அலுவலகத்தில் சொல்லிவிட்டு, லப்டொப்பைத் தோளில் போட்டுக்கொண்டு இரவு ரயில் ஏறினேன்.

முதலில் எங்கள் இலங்கை இலக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். வெளிநாட்டில் இறங்கியதும் பலர் செய்வது, ஊர் சிம்மைக் கழற்றிப் பேர்ஸுக்குள் வைத்துவிட்டுப் புது சிம்மைப் போடுவது. வங்கி அனுப்புகிற ஓடிபி என்ற ஒருமுறைக் கடவு இலக்கம், மின்னஞ்சல் திறக்கக் கேட்கிற கோட், போன் கெட்டுப்போய் வட்ஸ்அப்பை மறுபடி போட்டால் வருகிற ஆறு இலக்கம், எல்லாம் அந்த ஊர் சிம்மைத் தேடித்தான் வரும். பேர்ஸுக்குள் கிடக்கிற சிம்முக்கு எதுவும் வந்து சேராது. ஆகவே ஊரில் இருக்கும்போதே ரோமிங்கை, அதாவது ஊர் சிம் வெளிநாட்டிலும் வேலை செய்கிற வசதியை, திறந்து, டேட்டா ரோமிங்கை மட்டும் மூடி, அந்த சிம்மைப் போனிலேயே விட்டுவிடுங்கள். குறுஞ்செய்தி வருவதற்குப் பொதுவாகக் காசு வெட்டமாட்டார்கள். கோல் வந்து எடுத்தால் வெட்டுவார்கள். அதனால் சொந்தக்காரர்களிடம் அந்த இலக்கத்துக்குச் சும்மா எடுக்கவேண்டாம் என்று சொல்லிவைப்பது நல்லது.

இன்டர்நெட்டுக்கு அந்த நாட்டு சிம்மோ, அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற ஈசிம்மோ போதும். உங்கள் போன் ஈசிம் எடுக்குமா என்று தெரியாவிட்டால் *#06# அழுத்திப் பாருங்கள். ஐஎம்ஈஐ இலக்கத்தோடு ஈஐடி என்று ஒரு நீண்ட இலக்கமும் வந்தால் எடுக்கும். புது சிம் போட்டதும் வட்ஸ்அப் இலக்கத்தை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய இலக்கத்திலேயே அது ஓடும். அம்மாவின் போனில் உங்கள் பெயருக்குக் கீழே இருக்கிற படமும் இலக்கமும் மாறாமல் இருப்பது அவருக்குப் பெரிய விஷயம்.

ஓடிபிக்கு எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் இருக்க முடிந்த இடங்களில் ஓதென்டிகேட்டர் ஆப்பைப் போட்டுக்கொள்ளலாம். அது போனுக்குள்ளேயே நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டு 30 விநாடிக்கு ஒரு கோட் தரும். சிக்னலே இல்லாத மலைச்சரிவிலும் வேலை செய்யும். போன் தொலைந்தால் பாவிக்க அதோடு தருகிற மாற்றுக் கோட்களைத் தாளில் எழுதி, லப்டொப் பையில் வைக்காமல் வேறு பையில் வையுங்கள். வட்ஸ்அப்பை லப்டொப்பிலும் இணைத்துவையுங்கள். போனில் சார்ஜ் இல்லாவிட்டாலும் லப்டொப்பில் அது ஓடும். ஆனால் போனை 14 நாளுக்கு மேல் திறக்காமல் விட்டால் இணைப்புத் துண்டிக்கப்படும்.

இனி மின்சாரம். எங்கள் மூன்று சதுரப் பின் பிளக் லண்டன், டுபாய், தோஹா, சிங்கப்பூர், மலேசியா எங்கும் அப்படியே போகும். சுவிஸில் போகாது. அங்கே சுவரில் அறுகோணக் குழி ஒன்று இருக்கும், அதற்குள் சின்னதாய் மூன்று ஓட்டை. இரண்டு பின் உள்ள மெல்லிய ஐரோப்பிய பிளக் அதற்குள் போகும், ஜெர்மன்காரர்களின் பருத்த உருண்டை பிளக் போகாது. 'ஐரோப்பா அடாப்டர்' என்று விற்பதில் பாதி அந்தப் பருத்த வகைதான். கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். வோல்ட் இங்கும் அங்கும் ஒன்றுதான், 230. கனடா போகிறவர்களுக்கு அது 120. லப்டொப் சார்ஜரின் அடியில் சின்ன எழுத்தில் 100-240 என்று இருந்தால் ஒரு பயமும் இல்லை. ஆனால் இங்கிருந்து கனடாவுக்கு ரைஸ் குக்கரும் மிக்ஸியும் கொண்டுபோகாதீர்கள். 230க்குச் செய்தது அங்கே ஒழுங்காகச் சூடேறாது, சுற்றாது.

பவர் பாங்கைப் பெரிய பெட்டிக்குள் போடக்கூடாது, கைப்பையில்தான் கொண்டுபோகவேண்டும். எல்லை 100 வாட்-மணி. மேலே அது எழுதியிருக்காவிட்டால் நீங்களே கணக்குப் போடலாம்: 20,000 எம்ஏஎச் என்றால் 20 ஆம்பியர்-மணி, அதை உள்ளே இருக்கிற பட்டரியின் வோல்ட்டான 3.7ஆல் பெருக்கினால் 74. அது போகும். 30,000 என்றால் 111, அதற்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் புசான் விமான நிலையத்தில், புறப்படக் காத்திருந்த ஏர் புசான் விமானம் ஒன்று தீப்பிடித்தது. பவர் பாங்க்தான் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் விமானத்துக்குள் பவர் பாங்கில் சார்ஜ் போட விடுவதில்லை. ஆகவே வீட்டிலிருந்தே எல்லாவற்றையும் முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு புறப்படுங்கள். மட்டக்களப்பில் இருந்து கட்டுநாயக்க போய்ச் சேரவே ஓர் இரவு பிடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா வீட்டில் கணினி இருக்கும்போது லப்டொப் எதற்கு என்று அத்தான் கேட்டார். சுவிஸ் கீபோர்டைப் பார்த்தால் எதற்கு என்று தெரியும். ஒய்யும் இசட்டும் இடம் மாறி இருக்கும். @ குறிக்கு வலது பக்க ஆல்ட் விசையோடு 2ஐ அழுத்தவேண்டும். கடவுச்சொல் புள்ளிகளாக மட்டும் தெரிகிற இடத்தில் விரல் பழக்கத்தில் தட்டினால் தப்பாகவே போகும், நாலைந்து முறை தப்பினால் கணக்கே பூட்டிக்கொள்ளும். அலுவலகக் கணக்குகளைப் பிறர் கணினியில் திறப்பதும் சரியில்லை. சொந்த லப்டொப், அதற்குச் சொந்தப் போனின் ஹொட்ஸ்பொட், அதுதான் நிம்மதி.

ஒன்றை மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன். பாரிஸில் சிம் எடுத்துவிட்டு சுவிஸுக்கு வருகிறவர்கள் கவனம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டு சிம்மை மற்ற நாட்டில் மேலதிகக் கட்டணம் இல்லாமல் பாவிக்கலாம் என்பது 2017 ஜூனிலிருந்து இருக்கிற சட்டம். சுவிஸ் அந்த ஒன்றியத்தில் இல்லை. சித்தியின் மகன் பாரிஸிலிருந்து ரயிலில் வந்தான். பேசல் ஸ்டேஷனில் இறங்கியபோதே அவனுடைய டேட்டா நின்றுபோயிருந்தது. உங்கள் பக்கேஜில் சுவிஸும் சேர்ந்திருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

அடுத்தது நேர வித்தியாசம். குளிர்காலத்தில் சுவிஸ் எங்களுக்கு நாலரை மணி நேரம் பின்னால். கொழும்பில் அலுவலகம் திறக்கிற 8.30க்கு அங்கே விடிகாலை 4 மணி, வெளியே கும்மிருட்டு. மார்ச் கடைசி ஞாயிறன்று அவர்கள் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளுவார்கள், பிறகு மூன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். ஒக்டோபர் கடைசி ஞாயிறில் பழையபடி ஆகும். இதை அம்மாவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டதும் சொன்னார், "முந்திப் புது நேரம் பழைய நேரம் எண்டு இருந்ததே, அதுமாதிரித்தானே?" சரியாக அதுதான். 1996இல் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியபோது புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்திலேயே நின்றன. 2006இல் நாடு முழுக்கப் பழைய நேரத்துக்கே திரும்பும் வரைக்கும், மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், புலிகளின் பகுதியாக இருந்த படுவான்கரையில் கலியாணம் என்றால் முகூர்த்தம் எந்த நேரப்படி என்று கேட்டுவிட்டுத்தான் வாவி கடந்து போவார்களாம். அம்மா பிறந்தது அந்தப் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம். ஒரே நாளில் இரண்டு நேரத்தோடு வாழ்ந்தவருக்கு நான் படிப்பிக்க ஒன்றும் இருக்கவில்லை.

இப்போது வீட்டு முனை. நான் போகுமுன் அம்மாவின் போனைக் கையில் எடுத்து உட்கார்ந்து ஒரு பின்னேரம் முழுக்கச் செலவழித்தேன். 'இடமில்லை' என்று வந்துகொண்டிருந்தது. வட்ஸ்அப் குழுக்களில் வருகிற காலை வணக்கப் படங்களும் கோயில் திருவிழா வீடியோக்களும் தாமாகவே இறங்கிப் போனை நிரப்பியிருந்தன. அதை நிறுத்தி, தேவையில்லாததை அழித்து, எழுத்தைப் பெரிதாக்கினேன். டேட்டா பக்கேஜ் என்றைக்கு முடியும் என்று பார்த்து, முடியும்போது என் போனிலிருந்தே ரீலோட் போட வழிசெய்துகொண்டேன். அம்மாவுக்கு வீடியோ கோல் எடுக்கத் தெரியும். கோல் அறுந்தால் இரண்டு பக்கமும் மாறி மாறி அடிக்காமல், எடுத்தவரே மறுபடி எடுக்கட்டும், மற்றவர் போனைக் கீழே வைத்துவிட்டுப் பொறுத்திருக்கட்டும் என்று ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம்.

வைபை ரூட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ், அதாவது கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் ஓடவைக்கிற பட்டரிப் பெட்டி, வாங்கிப் பொருத்தினேன். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்கூடக் கரண்ட் வெட்டியபோது இதுகள் ஊரெல்லாம் பரவின. ரூட்டரின் அடியில் எத்தனை வோல்ட் என்று பார்த்து அதற்குப் பொருத்தமானதை வாங்கினால் போதும். 065இல் தொடங்குகிற வீட்டுப் போனைப் பற்றியும் ஒன்று தெரிந்திருக்கவேண்டும். பழைய செம்புக் கம்பி இணைப்பு என்றால் அதற்கான மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வரும், வீட்டில் கரண்ட் போனாலும் மணி அடிக்கும். பைபர் என்றால் வீட்டில் கரண்ட் போனால் அதுவும் போகும். உங்கள் வீட்டில் எது என்று பாருங்கள். பிறகு, பக்கத்து வீட்டுத் தம்பியின் இலக்கத்தை என் போனிலும் என் இலக்கத்தை அவர் போனிலும் போட்டுக்கொண்டோம். அவருடையது அம்மாவுடையதல்லாத வேறு கம்பனி சிம். அதைப் பார்த்தே அவரைக் கேட்டேன்.

நவம்பர் கடைசியில் மழை பிடித்தது. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களிலும் வெள்ளம். கல்லடியில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனால் கரண்ட் போய்விட்டது. அக்காவின் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போனைப் பார்க்கிறேன். "சாப்பிட்டீங்களா அம்மா" என்று நான் அனுப்பியதற்கு ஒரேயொரு சாம்பல் டிக். ஒற்றை டிக் என்றால் செய்தி என்னைவிட்டுப் போய்விட்டது, அம்மாவின் போனைச் சேரவில்லை. போன் ஓஃப் ஆக இருக்கலாம், டவர் படுத்திருக்கலாம். கரண்ட் போனதும் டவர்கள் பட்டரியில் கொஞ்ச நேரம் ஓடும், ஜெனரேட்டர் இல்லாத டவர் அதற்குப் பிறகு நிற்கும். இந்த நேரத்தில் வட்ஸ்அப்பிலேயே திரும்பத் திரும்ப அடித்துப் பலனில்லை. +94 போட்டு நேரடிக் கோல் எடுக்கவேண்டும், அதுவும் கிடைக்காவிட்டால் எஸ்எம்எஸ் அனுப்பவேண்டும். டேட்டா ஓடாத அளவுக்குச் சிக்னல் மெலிந்திருந்தாலும் எஸ்எம்எஸ் சில நேரம் நுழைந்துவிடும்.

நான் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு எஸ்எம்எஸ் போட்டேன். அவர் மதிலுக்கு மேலால் போனை நீட்டி, அம்மா பேசினார். "நான் நல்லா இரிக்கன் புள்ள. நீ பயப்பிடாத. 78 சூறாவளியில உன்ட மாமாக்கு நாங்க உசிரோட இரிக்கம் எண்டு தெரிய எத்தின நாள் போச்சு." 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தூக்கிப்போட்ட சூறாவளியைத்தான் சொல்கிறார். அப்போது கொழும்பில் இருந்த மாமாவுக்குத் தகவல் போனது, பாதை திறந்து ஆள் போய்ச் சொன்ன பிறகுதான். எனக்கு அன்றைக்கு ஒரு எஸ்எம்எஸ்ஸும் மதிலுக்கு மேலால் நீண்ட ஒரு கையும் போதுமாக இருந்தன. அந்தத் தம்பியின் இலக்கத்தை வாங்காமல் போயிருந்தால் அந்த இரவை எப்படிக் கழித்திருப்பேன் என்று நினைத்துப்பார்க்கவே விருப்பமில்லை.

காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறைப் பக்கமிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இதை வாசிப்பீர்கள், உங்களுக்கு ஒன்று. டுபாயிலும் அபுதாபியிலும் வட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், குரல் பதிந்து அனுப்பலாம், ஆனால் கோல் போகாது. எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதை மறைக்கிற விபிஎன் ஆப் போட்டு எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்த நாட்டுச் சட்டத்தில் அது பெரிய தண்டப்பணத்தில் மாட்டிவிடக்கூடும். அங்கே அனுமதி உள்ள பொட்டிம் போன்ற ஆப்புகள் இருக்கின்றன. அதை உம்மாவின் போனிலும் போடவேண்டும் என்பது அங்கே போய் இறங்கிய பிறகுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. இங்கே இருக்கும்போதே இரண்டு போனிலும் போட்டு, அறைக்குள் ஒருவரும் முற்றத்தில் ஒருவருமாக நின்று ஒரு தடவை பேசிப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.