ஹார்லெம்ல ஆண்டி ரசாஃபைத் தேடி ஒரு நடை

நியூயார்க்ல என் லிஸ்ட்ல முதல் இடம் மேற்கு 28வது தெரு. பிராட்வேக்கும் ஆறாவது அவென்யூவுக்கும் நடுவுல, கீழ கடை மேல ரூம்னு பழைய கட்டடங்க, இதுதான் டின் பான் ஆலி, அமெரிக்காவோட பாட்டு வியாபாரம் மொத்தமும் ஒரு காலத்துல இங்கதான் நடந்துச்சு. பாட்டு கம்பெனிங்க இருந்த இந்த மாதிரி ஒரு ஆபீஸ் கட்டடத்துல 16 வயசுல லிஃப்ட் ஓட்டிக்கிட்டே பாட்டு எழுதின பையன்தான் ஆண்டி ரசாஃப்.

இந்தப் பையன் சாதாரண ஆளில்ல. மடகாஸ்கர் ராணி மூணாம் ரணவலோனாவோட சொந்தம்! பிரெஞ்சுக்காரங்க படையெடுப்புல அப்பா செத்துப் போக, கர்ப்பமா இருந்த 15 வயசு அம்மா அமெரிக்காவுக்குத் தப்பி வந்து, 1895 டிசம்பர்ல வாஷிங்டன்ல பெத்த பிள்ளை.

28வது தெருவுலேர்ந்து சப்வே புடிச்சு, கறுப்பர்கள் அதிகமா வாழ்ந்த ஹார்லெம் பகுதிக்குப் போய் 135வது தெருவுல இறங்கி, ஏழாவது அவென்யூ பக்கமா நடந்தேன், இப்ப அதுக்கு ஆடம் கிளேட்டன் பவல் பேரு. 131வது தெரு முனையிலதான் கானீஸ் இன்ங்கிற நைட் கிளப் இருந்துச்சு. மேடையில ஆடுறது பாடுறது எல்லாம் கறுப்பர்கள், டேபிள்ல உக்காந்து பாக்குறது வெள்ளைக்காரங்க மட்டும், எவ்வளவு அநியாயம் பாருங்க. 1929-ல அந்த கிளப்காரங்க போட்ட 'ஹாட் சாக்லேட்ஸ்' ஷோவுக்கு ஃபேட்ஸ் வாலர் மெட்டு போட, ரசாஃப் வரி எழுதினார். 'எய்ன்ட் மிஸ்பிஹேவின்' அதுலதான் வந்துச்சு, ஜாஸ் பாடகர் லூயி ஆம்ஸ்ட்ராங்கை பிராட்வே, அதாவது நியூயார்க்கோட பெரிய நாடக உலகம், திரும்பிப் பார்க்க வச்ச பாட்டு.

எனக்கு ஆனா அதே ஷோவுல வந்த 'பிளாக் அண்ட் ப்ளூ'தான் உசுரு. ஷோவுக்குப் பணம் போட்ட கேங்ஸ்டர் டச் ஷுல்ட்ஸ், கறுப்பா இருக்குற கஷ்டத்தைப் பத்தி காமெடிப் பாட்டு ஒண்ணு வேணும்னு மிரட்டினதா ஒரு கதை உண்டு. கதை நிஜமோ இல்லையோ, ரசாஃப் எழுதினது காமெடி இல்ல. என் தோல் நிறத்தைத் தவிர நான் என்ன பாவம் பண்ணேன்னு வெள்ளைக்கார ஆடியன்ஸ் மூஞ்சிக்கு நேரா கேக்குற பாட்டு அது, அதை அந்த வருஷத்துல அந்த ஊர்ல கேக்க எவ்வளவு தைரியம் வேணும்! ஹெட்போன்ல ஆம்ஸ்ட்ராங் பாட, அந்த முனையிலேயே ரெண்டு தடவை முழுசா கேட்டேன்.

அப்புறம் லெனாக்ஸ் அவென்யூல 140க்கும் 141க்கும் நடுவுல சவாய் பால்ரூம்ங்கிற டான்ஸ் ஹால் இருந்த இடம். இப்ப அபார்ட்மென்ட், ஒரு நினைவுப் பலகை மட்டும் இருக்கு. 'ஸ்டாம்பின் அட் த சவாய்' பாட்டோட வரியும் ரசாஃபோடதுதான்.

நீங்க போனா 44வது தெரு ஹட்சன் தியேட்டரை விட்டுடாதீங்க, 'ஹாட் சாக்லேட்ஸ்' பிராட்வேல ஓடினது அங்கதான், இன்னைக்கும் அங்க நாடகம் நடக்குது.